பாலைவனத்தில் பொதுக்கூட்டம்

மற்றவர்களின் பிள்ளைகள் வீடு வாங்குகிறார்கள், கார் வாங்குகிறார்கள், அவற்றின் படங்களை அனுப்பி எங்கள் வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறார்கள். என் மகளிடம் இருப்பது ஒரு பாலைவனம். கேட்கிறவர்களிடம் நான் அதை அப்படியே சொல்லிவிடுவேன். அவர்களின் முகம் போகிற போக்கைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோசம்.

அது பொல்லாத பாலைவனம். அங்கே ஐந்தே ஐந்து கிணறுகள். காற்று எப்போதும் வடக்கிலிருந்துதான் வீசும். வீசுகிற மாதங்களில் வாயைத் திறந்தால் பல்லெல்லாம் மணல். பகலில் கல்லில் ரொட்டி சுடலாம், இரவில் தோற்பைக்குள் தண்ணீர் உறைந்துவிடும். ஒவ்வொரு கிணற்றையும் சுற்றி ஒரு சனம். ஒரு கிணற்றுச் சனம் இன்னொரு கிணற்றுச் சனத்தைக் கனவிலும் நம்பாது. இவர்களுக்கு நடுவில் கிணறே இல்லாத ஒரு கூட்டம் உண்டு. அதுதான் வியாபாரச் சனம். உப்பு, துணி, பேரீச்சம்பழம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர் என்று கிணறு கிணறாகச் சுமந்து விற்பார்கள். கத்தி தூக்க மாட்டார்கள். அவர்கள்மேல் கை வைத்தவனுக்கு ஐந்து கிணற்றிலும் ஒரு சொட்டும் கிடையாது. எந்தக் கிணற்றுக்கும் சொந்தமில்லாதவர்கள் என்பதால் வழக்கு வந்தால் தீர்ப்புச் சொல்வதும் அவர்கள்தான்.

இவ்வளவையும் என் மகள் யோசித்து உண்டாக்கியது டென்மார்க்கின் வைலே நகரத்தில், மழை விடாமல் ஜன்னலில் அடிக்கிற ஒரு சின்ன அறைக்குள் இருந்து. பகலில் ஒரு கொம்பனியில் கணினியோடு வேலை, பின்னேரங்களில் பாலைவனம். மூன்று வருடமாக இதுதான்.

டென்மார்க்கில் இதற்கு றொலஸ்பில் என்று பெயர். நாடகம்தான், ஆனால் மேடை இல்லை, பார்க்கிறவர்கள் இல்லை, வசனம் எழுதித் தருவதும் இல்லை. வளர்ந்த மனிதர்கள் வேடம் போட்டுக்கொண்டு காட்டிலோ வயலிலோ இரண்டு மூன்று நாள் வேறு ஆட்களாகவே வாழ்வார்கள். முதன்முதலில் கேள்விப்பட்டபோது எனக்கு இது விசர் வேலையாகத்தான் பட்டது. கலியாண வீட்டில் நகையும் பட்டும் போட்டு மூன்று நாள் வேறு ஆட்களாக நாங்கள் வாழ்வதில்லையா என்று மகள் கேட்டாள். 

எங்கள் ஊரான இக்காஸ்டுக்கு வெளியே, மணல் அள்ளி முடித்துக் கைவிட்ட ஒரு பழைய கிடங்கு, பெரும் பள்ளம், இருக்கிறது. அங்கேதான் போன கோடையில் அவளுடைய பாலைவனம் நடக்க இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் தொடக்கம் ஞாயிறு மத்தியானம் வரை. யூலண்ட் பிரதேசம் முழுவதிலுமிருந்து அறுபது பேர் வரப் பதிந்திருந்தார்கள். அவள் தலைமை தாங்கி நடத்துகிற முதல் ஆட்டம் அது. அவர்களுடைய றொலஸ்பில் சங்கம் சொல்லிவிட்டதாம்: ஆட்டம் ஞாயிறு மத்தியானம் வரை உயிரோடு நின்றால் அடுத்த கோடையிலும் மணல் கிடங்கு உனக்கு, நடுவில் சனம் அலுத்துப்போய் வீட்டுக்குப் போனால் இதுவே கடைசி. அவள் இதை ஒரு தரம்தான் சொன்னாள். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த நாட்களில் அவளுக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை என்பதை நான் கவனித்தேன்.

அந்த நேரம் பார்த்து, வியாபாரச் சனமாக வரவிருந்த கூட்டம் கையை விரித்துவிட்டது. வேறொரு ஆட்டம் அதே நாளில் வந்துவிட்டதாம். விற்கிறவர்கள் இல்லாவிட்டால் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை. மகள் ரெலிபோன் எடுத்தாள்.

“அம்மா, உங்களுக்கு நடிக்கத் தெரியுமோ?”

“இருபத்தெட்டு வருசமா உன்ர அப்பாவோட குடும்பம் நடத்திறன். தெரியாமலோ?”

“பகிடி விடாதேங்கோ. எட்டுப் பேர் வேணும். உங்கட சிநேகிதிமாரைக் கேட்டுப் பாப்பீங்களோ?”

நான் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். பதின்மூன்று வயதிலிருந்து அவள் அறைக் கதவு சாத்தியே கிடந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் “ஒண்டுமில்லை” என்று பதில் வரும். இப்போது அவளே கதவைத் திறந்து உள்ளே வாருங்கள் என்கிறாள். நான் மட்டுமல்ல, ஒரு கூட்டமாகவே வரட்டுமாம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆள் சேர்ப்பது ஒரு கஷ்டமாகவே இருக்கவில்லை. என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர்கள், தைப் பொங்கலுக்கு என்னோடு நின்று சமைக்கிறவர்கள் என்று ஏழு பேர் உடனே ஓம் என்றார்கள். அவர்களில் முன்னுக்கு நின்றது மட்டக்களப்பு அக்கா. இக்காஸ்ட் தொழிற்சாலையில் இருபது வருடம் மிசின் சத்தத்துக்கு மேலால் கதைத்துப் பழகியவர். அவர் குசுகுசுப்பது பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். “வேசம் கட்டவா? சின்னதில தேவாலய நாடகத்தில நான் ஏரோது ராசாவாவே வந்தனான், புள்ள” என்றார். எங்கள் வீட்டுக்காரர் கார் ஓட்டவும் கூடாரம் அடிக்கவும் மட்டும் வருவதாகச் சொன்னார். இந்த ‘மட்டும்’ பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை கார்களில் ஏறுவதற்கு முன் மகள் எங்களுக்குப் பாடம் எடுத்தாள். நீங்கள் உங்களுக்குள் தமிழிலேயே கதைக்கலாம், அதுதான் வியாபாரச் சனத்தின் பாசை, மற்றவர்களோடு டெனிஸ். தண்ணீரைச் சும்மா கொடுக்கக் கூடாது. அறுபது பேருக்கும் ஒவ்வொரு இரகசியம் இருக்கிறது. அதில் ஒருவர் வடக்குக் கிணற்றுக்கு நஞ்சு போட்டவர். அவர் யாரென்பது தடயம் தடயமாக ஞாயிறு காலையில்தான் வெளியே வரும். பிறகு ஒன்றை அவள் திரும்பவும் திரும்பவும் சொன்னாள்.

“வியாபாரச் சனம் ஒருத்தரிட்டயும் ஒரு கேள்வியும் கேக்காது. வாங்குவினம், விப்பினம், போவினம். ஆர், எவடம், ஆற்ற பிள்ளை எண்டு ஒண்டும் கேக்க மாட்டினம். விளங்குதோ?”

“ஓம், ஓம்” என்றோம் எல்லோரும். நாங்கள் ஓம் என்று சொல்வதில் கெட்டிக்காரர்கள்.

மணல் கிடங்கைப் பார்த்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது. பழைய படுக்கை விரிப்புகளைச் சாயம் போட்டுக் கூடாரங்களாக்கியிருந்தார்கள். முகத்தைத் துணியால் மூடிய மனிதர்கள் மணல்மேட்டில் வரிசையாக நடந்தார்கள். ஐந்து கிணற்றுக்கும் ஐந்து நிறக் கொடி. நடுவில் எங்கள் சந்தை. மகள் கொம்பை எடுத்து ஊதினாள். டென்மார்க் மறைந்துவிட்டது.

முதல் ஆளாக எங்கள் கூடாரத்துக்கு வந்தவர் ஒரு பெரிய மனிதர். சிவந்த தாடி, இரட்டைக் கதவளவு தோள். வைலேயில் குழாய் வேலை செய்கிறவராம். அவர் போட்டிருந்த மேலங்கிக்குக் குளிர்காலம் முழுவதும் தானே பூ வேலை தைத்ததாகப் பிறகு அறிந்தேன். தண்ணீர் வேண்டும் என்றார். மட்டக்களப்பு அக்கா தோற்பையைக் கையில் எடுத்தார். எடுத்த கையோடு, மட்டக்களப்பு இராகத்தில் டெனிஸ் கதைக்கத் தொடங்கினார்.

“எந்தக் கிணறு?”

“தெற்குக் கிணறு” என்றார் அவர்.

“தெற்கில் எந்த இடம்?”

மனிதர் திகைத்தார். யாரும் அவருக்கு அவ்வளவு சொல்லிக்கொடுக்கவில்லை. “கிணற்றுக்குப் பக்கத்தில்.”

“எந்தப் பக்கம்? உப்பு வெட்டுகிற பக்கமா? சரி, இருங்கள். நிற்கிறீர்களே.” பால் விடாத பிளேன்ரீ வந்தது. “அம்மாவும் அதே கிணறுதானா? அம்மாவை எனக்குத் தெரியும்போல இருக்கிறதே. அந்த நெசவுக்காரிதானே?”

அக்காவுக்கு எந்த நெசவுக்காரியையும் தெரியாது. கதை வளர்ப்பதற்காகச் சும்மா எடுத்து விட்டது. அவரும் தப்பித்தால் போதும் என்று ஆமாம் என்றார். அவருக்குப் பின்னால் வந்து எங்கள் பாயில் உட்கார்ந்து ரீ குடித்துக்கொண்டிருந்த தெற்குக் கிணற்றுப் பெண் ஒருத்தி நிமிர்ந்தாள்.

“எங்கள் நெசவுக்காரிக்குப் பிள்ளைகளே இல்லையே!”

“அப்படியென்றால் இவர் யாருடைய பிள்ளை?” என்று நான் கேட்டேன். வாய் தானாகக் கேட்டுவிட்டது. மற்ற ஆறு பேரும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். தெற்கில் யாரோடு வளர்ந்தீர்கள், பெண் எடுத்தது எங்கே, வடக்குப் பக்கம் போன மாதம் போனவர் நீங்கள்தானா? அக்கறையாகத்தான் கேட்டோம். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வடை வைத்தோம். மனிதரின் முகம் தாடியைவிடச் சிவந்தது. கடைசியில் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் பிடிபட்டவரைப் போல, “மன்னிக்க வேண்டும். கிணற்றுக்கு நஞ்சு போட்டது நான்தான்” என்றார்.

“சரி, சரி. முதலில் ரீயைக் குடியுங்கள், ஆறப்போகிறது” என்றார் அக்கா.

ஞாயிறு காலையில் வெளியே வரவேண்டியது வெள்ளி பின்னேரம் வெளியே வந்துவிட்டது. ஆட்டம் தொடங்கி ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. மணல் கிடங்கு முழுக்கச் சேதி பரவியது. அந்த நாட்டுச் சட்டப்படி கிணற்றுக்கு நஞ்சு போட்டவனை மறுநாள் வெயில் ஏற முதல் மணலுக்குள் துரத்திவிட வேண்டும். அதற்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியது வியாபாரச் சனம், அதாவது நாங்கள். துரத்திவிட்டால் கதை முடிந்தது. அறுபது பேரும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு சனி காலையில் வீட்டுக்குப் போகலாம்.

மகள் எங்கள் கூடாரத்தின் பின்பக்கம் வந்தாள். கோபம் வந்தால் அவள் சத்தம் போட மாட்டாள், மரியாதை கூடிவிடும். “பரவாயில்லை” என்றாள். திரும்பவும் “பரவாயில்லை” என்றாள். 

“பிள்ளை, வேணுமெண்டு செய்யேல்லை...”

“தெரியும். உங்களால கேக்காமல் இருக்கேலாது. அதுக்குத்தான் அம்மா, ஒண்டுமே கேக்காத ஒரு சனத்தை நான் உண்டாக்கினனான். எனக்கு விருப்பமா இருந்தது. ஒரு இடத்துக்குப் போனால் ஒருத்தரும் எவடம் எண்டு கேக்காமல் தண்ணி மட்டும் தாற சனம்.”

எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் அவளைச் சுற்றி நின்று எந்த ஊர் என்று கேட்பார்கள். இக்காஸ்ட் என்று சொன்னால் விடமாட்டார்கள். அப்பா எவடம், அம்மா எவடம், அதிலே எந்தப் பக்கம், கோயிலடியா, கடற்கரைப் பக்கமா? அன்பாகக் கேட்கிறவர்களும் உண்டு, சாதியை மோப்பம் பிடிக்கக் கேட்கிறவர்களும் உண்டு. கேள்வி ஒன்றுதான். இங்கே பிறந்த பிள்ளைக்கு எது எந்தக் கேள்வி என்று எப்படித் தெரியும்? அவள் எல்லாவற்றையும் ஒரே கதவால் சாத்திவிட்டாள். அவள் சொன்னது எனக்கு விளங்கியது. ஆனால் எல்லாம் சாத்தவேண்டிய கேள்விகள் என்று என்னால் ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் எப்படி ஒருவரைச் சாப்பிடச் சொல்வது? அதையெல்லாம் வாதாட அது நேரமில்லை. ஆட்டம் செத்துக்கொண்டிருந்தது.

“ஆட்டத்தை நடத்திறவ ஆட்டத்துக்குள்ள வரக்கூடாது. நீங்கள்தான் தீர்ப்புச் சொல்லவேணும். நீங்கள் சொல்லிறதுதான் கதை” என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அப்போதுதான் எங்கள் வீட்டுக்காரர் வந்தார். கூடாரம் அடிக்க மட்டும் வந்தவர். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் இரண்டு தமிழ்ச் சங்கங்களுக்குச் செயலாளராக இருந்தவர். மூன்றாவது ஒன்றை உடைத்துக்கொண்டு போய் நாலாவதைத் தொடங்கியவர். மகள் சின்னவளாக இருந்தபோது அவளையும் தூக்கிக்கொண்டுதான் இக்காஸ்ட் மண்டபத்தில் நடக்கிற கூட்டங்களுக்குப் போவோம். அவள் எங்கள் மடியில் தூங்கி, எழும்பி, அழுது, திரும்பவும் தூங்கிவிடுவாள், கூட்டம் முடிந்திருக்காது.

“தீர்ப்பை உடன சொல்லேலாது” என்றார் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு. “முறையெண்டு ஒண்டு இருக்கு. பொதுக்கூட்டம் கூட்டவேணும்.”

“இஞ்சேருங்கோ, ஞாயிறு மத்தியானம் வரைக்கும் இழுக்கவேணும். உங்களால ஏலுமோ?”

நான் அவரை அவமதித்துவிட்டதுபோல அவர் என்னைப் பார்த்தார். “எங்கட கூட்டம் எப்பயப்பா நேரத்துக்கு முடிஞ்சது?”

சனிக்கிழமை காலை சந்தைக்கு நடுவில் கூட்டம் தொடங்கியது. விளக்கேற்றத் தொடங்கினோம். திறந்த மணல்வெளியில் மெழுகுதிரி நிற்குமா? காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. விளக்கு நிற்காமல் கூட்டத்தைத் தொடங்க முடியாது என்று எங்கள் வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஐந்து கிணற்றுச் சனமும், ஒருவரை ஒருவர் நம்பாத சனம், தோளோடு தோள் நின்று மேலங்கிகளை விரித்துக் காற்றை மறைத்தார்கள். பிறகு நஞ்சால் செத்த ஒட்டகங்களுக்கு ஒரு நிமிட அகவணக்கம். பிறகு வரவேற்புரை. பிறகு தலைவர் தெரிவு; அதற்கே மத்தியானம் வந்துவிட்டது. வடக்குக்காரர் தெற்குக்காரரை ஏற்கவில்லை, கிழக்குக்காரர் ஒருவரையும் ஏற்கவில்லை. கடைசியில் எந்தக் கிணறும் இல்லாத என்னைத் தலைவராக்கினார்கள்.

நான் தலைவர் ஆனதும் போட்ட முதல் விதி: யார் பேச எழும்பினாலும் வியாபாரச் சனத்தின் பாசையில் “தலைவர் அவர்களே” என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அறுபது டெனிஸ்காரரும் அதைப் பாடமாக்கினார்கள். எனக்கு அன்று கிடைத்த மரியாதை இந்தப் பிறவியில் வேறெங்கும் கிடைத்ததில்லை.

நாங்கள் இழுப்பதாகத்தான் நினைத்தோம். ஆனால் ஒன்றை நாங்கள் மறந்துவிட்டோம். டெனிஸ்காரருக்குச் சங்கம் என்றால் உயிர். முயல் வளர்க்கவும் சங்கம், பழைய பஸ் பார்க்கவும் சங்கம், பிறந்த நாளிலிருந்து ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வளர்ந்தவர்கள். பாலைவனச் சங்கத்துக்கு ஒரு யாப்பு, அதாவது விதிப் புத்தகம், வேண்டும் என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்லி வாய் மூடவில்லை, யாப்புக் குழு உருவாகிவிட்டது. திருத்தங்கள் வந்தன, திருத்தத்துக்குத் திருத்தம் வந்தது. சாட்சி சொல்ல எழும்பியவர்கள் தங்கள் இரகசியங்களைத் தாங்களே கொட்டினார்கள். மேற்குக் கிணற்றின் தலைவி தன் தங்கையை விற்ற கதையைச் சொல்லி அழுதாள். கிழக்குக் கிணறு போன வருடமே வற்றிவிட்டதையும், அவர்கள் காலிப் பானையைத்தான் காவல் காக்கிறார்கள் என்பதையும் ஒருவர் சொல்லப் போக, சனம் எழும்பி நின்றது. மகள் மூன்று வருடமாகப் புதைத்து வைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக மேலே வந்தது.

நடுவில் ஒரு மழையும் பெய்தது. சும்மா தூறல் இல்லை, கொட்டியது. பாலைவனத்தில் மழை இல்லை என்பது விதி. ஆகவே யாரும் அதைப் பார்க்கவில்லை. தலையிலிருந்து கால்வரை நனைந்த ஒரு மனிதர் எழும்பி, “தலைவர் அவர்களே, தாகத்தால் என் நாக்கு ஒட்டுகிறது” என்றார். மட்டக்களப்பு அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் தறப்பாளுக்குப் பின்னால் ஓடினார்.

பின்னேரம், எதிர்பார்த்தபடியே, சங்கம் உடைந்தது. விசாரணை நடக்கும்போது குற்றவாளிக்குத் தண்ணீர் கொடுக்கலாமா என்பதுதான் பிரச்சினை. கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். யாப்பில் இல்லை என்று சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக்காரர் வெளிநடப்புச் செய்தார். இரண்டு கிணற்றுச் சனமும் என் சிநேகிதிகளில் மூன்று பேரும் அவர் பின்னால் போனார்கள். எதிர்ப்பக்க மணல்மேட்டில் புதிய சங்கம், புதிய விளக்கு. இருபத்தெட்டு வருடக் குடும்பத்தில் அவர் இவ்வளவு உற்சாகமாக என்னை விட்டுப் போனதை நான் கண்டதில்லை. புதிய சங்கத்துக்குப் பொருளாளர் வேலை பார்க்க ஒருவரும் முன்வரவில்லையாம். நஞ்சு போட்டவரையே பொருளாளர் ஆக்கிவிட்டார்கள்.

சிரித்துக்கொண்டே இருந்தாலும் என் கண் மகளைத் தேடிக்கொண்டுதான் இருந்தது. அவள் மேட்டு விளிம்பில் மழைச்சட்டையோடு அங்கும் இங்கும் நடந்தாள். கிட்ட வரவில்லை. இது அவள் எழுதிய கதை இல்லை. அவள் செய்த கடும் பாலைவனத்தில் நாங்கள் இக்காஸ்ட் மண்டபத்தைக் கொண்டுவந்து இறக்கிவிட்டோம். சனம் நிற்கிறது என்பது தெரிந்தது. அவளுக்கு அது போதுமா என்பது தெரியவில்லை. அவளைக் கூப்பிட்டுக் கேட்கவும் எனக்குப் பயமாக இருந்தது.

ஞாயிறு காலை இரண்டு சங்கமும் ஒற்றுமைக் கூட்டத்தில் கூடின. ஒருவரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. சந்தையில் கால் வைக்க இடமில்லை. நஞ்சு போட்டவர் தன் பக்கத்தைச் சொல்ல எழும்பினார்.  தன் தெற்குக் கிணறு வற்றிக் கிடந்த ஒரு வருடம் வடக்குக்காரர் தங்கள் கிணற்று வாசலில் காவல் போட்டுத் தண்ணீர் மறுத்ததை, தன் சனம் ஒவ்வொருவராக மணலில் உட்கார்ந்துவிட்டதைச் சொன்னார். “எங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இந்த வியாபாரிகள்தான் முதன்முதலில் நான் யாருடைய பிள்ளை என்று கேட்டார்கள்” என்றார். பக்கத்தில் அக்கா மூக்கைச் சிந்துவது கிடங்கு முழுக்கக் கேட்டது.

வாக்கெடுத்தோம். துரத்த வேண்டும் என்று பாதி, கூடாது என்று பாதி. சரிசமம். இரண்டு தரம் எண்ணியும் அதேதான். தலைவரின் வாக்குத்தான் முடிவு என்று எங்கள் வீட்டுக்காரர் யாப்பை வாசித்தார். அறுபது பேரும் என்னைப் பார்த்தார்கள். துரத்து என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. விடு என்று சொன்னால் கிணற்றுச் சட்டம் செத்துவிடும், என் பிள்ளை செய்த நாடு பொய்யாகிவிடும்.  அந்த நேரம் மேட்டிலிருந்து மகள் கொம்போடு இறங்கி வந்தாள். மத்தியானம் ஆகிவிட்டது. ஊதினால் ஆட்டம் முடிந்தது. சனத்திடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது, கலியாண வீட்டில் சாப்பாடு முடிந்தது என்று சொன்னால் வருமே, அப்படி.

அவள் ஊதவில்லை. கூட்டத்தின் கடைசி வரிசைக்கு வந்தாள். கொம்பை மணலில் வைத்தாள். மழைச்சட்டையைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவளிடம் ஒரு துணியை வாங்கித் தலையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு கையைத் தூக்கினாள்.

நான் தலையாட்டினேன். 

“தலைவர் அவர்களே” என்றாள் என் மகள். தூங்கித் தூங்கியே கேட்டு வளர்ந்த அத்தனை கூட்டங்களும் அந்தக் குரலில் இருந்தன. “தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே, ஐந்து கிணற்றுப் பெரியோர்களே. இது ஒரு பின்னேரத்தில் முடிக்கிற விசயமில்லை. ஆகவே தீர்ப்பை அடுத்த கோடைக்கு ஒத்திவைக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன்.” அதையே டெனிசிலும் சொன்னாள். சொல்லும்போது அழுதாள், சிரிக்கவும் செய்தாள், நேராக என்னையே பார்த்தாள்.

நஞ்சு போட்டவர் எழும்பி வழிமொழிந்தார். ஐந்து கிணற்றுச் சனமும் கை தூக்கியது. மட்டக்களப்பு அக்கா தூக்கினார். மகளின் றொலஸ்பில் சங்கத்திலிருந்து ஆட்டத்தை மேற்பார்வை பார்க்க வந்து ஓரமாக நின்ற இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கை தூக்கினார்கள். தலைவர் கை தூக்கக் கூடாது, அது யாப்புக்கு விரோதம் என்று எங்கள் வீட்டுக்காரர் என் காதில் சொன்னார்.

நான் இரண்டு கையையும் தூக்கினேன்.